விற்கிற காரணம்

அளவு நாடாவின் ஒரு முனையைப் பெண்டாட்டியிடம் கொடுத்துவிட்டு, மறுமுனையை ஹாலின் அந்தக் கோடிவரை இழுத்துக்கொண்டு போனார் பேங்க்கில் வேலை பார்ப்பவர். "சோபா தாராளமா போடலாம், டிவி இந்தச் சுவத்துல" என்றார். அந்த நிமிஷமே வீட்டுக்காரரான மீட்டர்காரர் மனசுக்குள் வீட்டை விற்றுவிட்டார். சோபாவை எங்கே போடலாம் என்று யோசிக்க ஆரம்பித்த ஆள் வாங்காமல் போகமாட்டான் என்று தரகர் சொல்லியிருந்தார். அதன்பிறகு அவர்கள் அறைகளைப் பார்த்தார்கள், குழாய்களைத் திறந்து மூடினார்கள், சமையலறை வழியாகப் பின்பக்கம் போய் வந்தார்கள். வந்தபோது இருவர் முகத்திலும் வெளிச்சம் குறைந்திருந்தது. "வீட்ல பேசிட்டு போன் பண்றோம் சார்" என்றார் பேங்க்காரர். நாடாவைச் சரியாகச் சுற்றக்கூட இல்லை, பைக்குள் திணித்துக்கொண்டு கிளம்பினார்கள். ஒரு வாரமாகியும் போன் வரவில்லை.

இதோடு நாலு பேர். நாலு பேரும் ஆசையாகத்தான் வந்தார்கள். நாலு பேரும் ஒரே மாதிரி முகத்தோடு திரும்பிப் போனார்கள்.

அவருக்கு மீட்டர்காரர் என்ற பெயர் வேலையால் வந்தது. முப்பத்தோரு வருஷம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்துக் குறித்துக்கொண்டவர். மீட்டர் முள்ளில் தலைமுடி செருகி வைத்தவர்களை, காந்தம் ஒட்டியவர்களை, அவர் வருகிற நாளைக்கு மட்டும் குழாயை மாற்றிப் பூட்டியவர்களைப் பிடித்திருக்கிறார். எண் ஒரேயடியாகக் குறைந்தால் வீட்டில் ஆள் இல்லை என்று மற்றவர்கள் நினைப்பார்கள். அவர் குனிந்து மீட்டரின் சீல் உடைந்திருக்கிறதா என்று பார்ப்பார். ஓய்வு பெற்று ஆறு வருஷமாகியும் அந்தக் கண் ஓய்வு பெறவில்லை. பால் கவர் கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்.

விற்பதற்காகச் செய்யவேண்டியதையெல்லாம் செய்திருந்தார். வெளியூரில் இருக்கும் மகள் போனில் ஒவ்வொன்றாகச் சொல்வாள், அவர் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக்கொள்வார். சுவருக்கு வெளிர் நிறம் அடிங்கப்பா, அறை பெரிசா தெரியும். நம்ம போட்டோவெல்லாம் கழட்டிடுங்க, அவங்க வீடா நினைச்சுப் பாக்கணும். ஒழுகுற குழாயை முதல்ல மாத்துங்க, ஒரு சொட்டு பாத்தாங்கன்னா முழு வீட்டையும் சந்தேகப்படுவாங்க. வாசல்ல துணி காயப்போடாதீங்க. வர்றவங்க பின்னாடியே நடக்காதீங்க, தனியா விடுங்க. "ஏன் விக்கிறீங்கன்னு கேட்டா, பொண்ணுகூட இருக்கப் போறோம்னு மட்டும் சொல்லுங்க. அதுக்கு மேல எதுவும் வேணாம்." கடைசியை மட்டும் அவர் எழுதிக்கொள்ளவில்லை.

பின்பக்கச் சுவரில் மழைக்காலத்தில் ஒரு தட்டளவு ஈரம் படரும். அதையும் கொத்தி எடுத்து, மருந்து கலந்து பூசி, வெள்ளையடித்தாயிற்று. காரை நன்றாகத்தான் பிடித்திருந்தது. இருந்தாலும் யாராவது அந்தச் சுவரருகே நின்றால் அவர் ஹாலிலிருந்து எட்டிப் பார்ப்பார்.

யாரோ பின்னாலிருந்து கெடுக்கிற வேலை செய்கிறார்கள். அதில் அவருக்குச் சந்தேகமில்லை. யார் என்பதுதான் தெரியவில்லை.

முதலில் தரகரை நினைத்தார். எதைச் சொன்னாலும் "சரிங்கய்யா" என்பதால் அந்த ஆளுக்கு வீட்டில் சரிங்கய்யா என்றே பெயர். அடுத்த தெருவில் இன்னொரு வீடும் அவர் கையில் இருந்தது. இந்த வீட்டைக் காட்டிச் சலிப்பேற்றி, அங்கே கூட்டிப்போகிறாரோ? மீட்டர்காரர் ஒரு சாயங்காலம் நடக்கப்போவதுபோலப் போய் அந்த வீட்டைப் பார்த்துவிட்டு வந்தார். அதுவும் விலைபோகாமல்தான் கிடந்தது. கேட்டில் தூசி.

அப்புறம் எதிர்வீட்டு டைப்பிஸ்ட் அம்மா. அவரும் ஓய்வு பெற்றவர்தான், ஆனால் ஜன்னல் உத்தியோகத்திலிருந்து இன்னும் ஓய்வு பெறவில்லை. தெருவில் ஒரு ஆட்டோ நின்றால் யார் வீட்டுக்கு, எத்தனை பேர், எத்தனை பை என்று சொல்லிவிடுவார். வாங்க வருகிறவர்கள் அக்கம்பக்கத்தில் விசாரிக்காமல் இருப்பார்களா? மூன்றாவது ஆள் வருவதற்கு முந்தின நாள், "பதினோரு மணிக்கு வர்றாங்க" என்று அந்த அம்மா காதில் விழுகிற மாதிரி போனில் பேசிவிட்டு, ஒன்பது மணிக்கே வரவழைத்தார். அந்த அம்மாவின் ஜன்னல் அப்போது மூடியிருந்தது. வந்தவர்கள் வாசலில் நிற்காமல் நேரே உள்ளே வந்து, நேரே வெளியே போனார்கள். அவர்களும் போன் பண்ணவில்லை.

பொறுக்காமல் இரண்டாவதாக வந்தவருக்கு இவரே போன் போட்டார். மருந்துக்கடை வைத்திருப்பவர், தன்மையான மனிதர். "ஒண்ணுமில்லைங்க, வீட்ல கொஞ்சம் யோசிக்கிறாங்க" என்று இழுத்தார். வைக்கப்போகிற நேரத்தில், "சார், தப்பா எடுத்துக்காதீங்க. வீட்டு மேல கேஸ் கீஸ் ஏதாவது இருக்கா? இல்ல, ரோடு அகலப்படுத்துறாங்களா?" என்றார்.

மீட்டர்காரருக்குக் காது சூடானது. கேஸா? பத்திரம், வரி ரசீது, கட்டட அனுமதி எல்லாம் வரிசையாக ஃபைலில் இருக்கிறது. ஆக, எவரோ கதை கட்டுகிறார். அன்று முழுக்க அவர் யாரோடும் சரியாகப் பேசவில்லை. பெண்டாட்டி தையல் மெஷினில் உட்கார்ந்து யாருடைய பள்ளிச் சீருடைக்கோ கீழ்மடிப்பு போட்டுக்கொண்டிருந்தாள். "டீ ஆறுது" என்று மட்டும் சொன்னாள். அவர் சந்தேகப்பட வேண்டியவர்களின் பட்டியல் நீண்டுகொண்டே போயிற்று. அதில் அவள் இல்லை. நாற்பது வருஷமாகக் கூடவே இருக்கிற பொருளை யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை.

ஐந்தாவதாக ஒரு இளஞ்ஜோடி தரகரோடு வந்தது. அவன் லாரி கம்பெனியில் கணக்கு பார்ப்பவன், அவளுக்கு ஆறேழு மாசம். இந்தத் தடவை மீட்டர்காரர் வேறு வழி செய்தார். "நீங்க நிதானமா பாருங்க, நான் கடைவரைக்கும் போயிட்டு வர்றேன்" என்று செருப்பு மாட்டிக்கொண்டு கேட்டைச் சத்தமாகச் சாத்தினார். பிறகு பக்கத்து வீட்டுக்கும் தன் வீட்டுக்கும் நடுவிலிருந்த சந்துக்குள் நுழைந்தார். மீட்டர்கள் எப்போதும் இப்படிப்பட்ட சந்துகளில்தான் இருக்கும். சத்தமில்லாமல் நடக்க அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சமையலறை ஜன்னலுக்குக் கீழே, சுவரோடு ஒட்டி நின்றார். சரிங்கய்யா வந்தவர்களிடம் தனியாக என்ன சொல்கிறார் என்று இன்றைக்குத் தெரிந்துவிடும்.

உள்ளே தரகரின் குரலே இல்லை. அந்தப் பெண்ணின் குரல்தான் கேட்டது.

"இங்க ஈரம் இருந்துச்சாம்மா? இந்த இடம் மட்டும் வெள்ளை அதிகமா தெரியுது."

அவர் சுவரோடு இன்னும் ஒட்டிக்கொண்டார்.

"இருந்துச்சும்மா. கொத்திப் பூசியாச்சு. வெளியவும் பூசியிருக்காரு, இனி வராது" என்றாள் அவர் மனைவி. "பயப்பட ஒண்ணுமில்ல. நல்ல வீடு. வெயில் காலத்துலகூட இந்தப் பக்கம் காத்து நிக்காது."

மீட்டர்காரருக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. தன் வீட்டுக்கே வேவு பார்க்க வந்து, அவள் வாயால் வீட்டின் பெருமையைக் கேட்டுக்கொண்டு நிற்கிறோமே என்று திரும்பிப் போகப் பார்த்தார்.

"அப்புறம் ஏம்மா விக்கிறீங்க?"

பாத்திரம் ஒன்றைக் கவிழ்த்து வைக்கிற சத்தம்.

"தெரியலம்மா."

"தெரியலையா?"

"அவரு சொல்லல."

அதை அவள் வருத்தமாகச் சொல்லவில்லை. கோபமாகவும் சொல்லவில்லை. கடைக்காரர் இன்னும் வரவில்லை என்று சொல்கிற குரலில் சொன்னாள். பிறகு அந்தப் பெண், "என்னங்க, கிளம்பலாமா?" என்று புருஷனைக் கூப்பிட்டாள்.

சந்தில் நின்றபடியே மீட்டர்காரர் எல்லாவற்றையும் ஒழுங்காக அடுக்கிப் பார்த்தார். வீட்டுக்காரிக்கே காரணம் தெரியாமல் ஒரு வீடு விற்கிறது. வீடு வாங்கப் போன இடத்தில் இப்படி ஒரு பதிலைக் கேட்டால் அவரே ஓடியிருப்பார்.

அன்றைக்கு அவள் சாப்பாட்டை எடுத்துவைத்தபோது கேட்டார். "வர்றவங்ககிட்ட என்ன சொல்றே நீ?"

"கேட்டதுக்குப் பதில் சொல்றேன்."

"பொண்ணுகூட போய் இருக்கப்போறோம்னு உனக்குத் தெரியாதா?"

"அது பொண்ணு சொன்னது." அவள் தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். "அவ அந்த ஊருக்குப் போய் ஒன்பது வருஷமாச்சு. அவ கூப்பிடாத நாளில்ல. இந்த மண்ணை விட்டு நகரமாட்டேன்னு சொன்னது யாரு? இப்ப ரெண்டே மாசத்துல என்ன புதுசா?"

"வயசாகுதுல்ல."

"போன வருஷமும் ஆச்சு" என்றாள் அவள்.

அவர் சாப்பிட்டார். அதற்குமேல் அவள் எதுவும் கேட்கவில்லை, அதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. ரெண்டு மாசத்துக்கு முன்னால் மாடிப்படியில் மூச்சு வாங்கி உட்கார்ந்தது, மறுநாள் ரேஷன் கடை என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனது, இதயம் பாதி வேலைதான் செய்கிறது, ஆபரேஷன் தாங்காது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருங்கள், தனியாக இருக்காதீர்கள் என்று டாக்டர் சொன்னது, எதுவும் அவளுக்குத் தெரியாது. கேஸ் டிரபிள் என்று சொல்லியிருந்தார். மகளுக்குச் சொல்லி, அம்மாவிடம் மூச்சு விடக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தார். அவருக்கு ஏதாவது ஆகிற நாளில் அவள் இந்த வீட்டில் ஒற்றையாக நிற்கக்கூடாது, அதற்கு முன்னால் கொண்டுபோய் மகளிடம் சேர்த்துவிட வேண்டும். அவ்வளவுதான் திட்டம். காரணத்தைச் சொன்னால் அவள் அந்த நாளிலிருந்தே தூங்கமாட்டாள்.

கை கழுவப் போனபோதுதான் கவனித்தார். பின்கட்டில் வாளி பாதிதான் நிறைந்திருந்தது. கொஞ்ச நாளாகவே அப்படித்தான். குழாயில் தண்ணீர் வரும்போது ஏன் முழுக்கப் பிடிப்பதில்லை என்று அவர் இரண்டு தடவை எரிந்து விழுந்திருக்கிறார். அரிசி மூட்டையை இப்போதெல்லாம் கடைக்காரரே உள்ளே கொண்டுவந்து வைக்கிறார். பரணில் எதையும் எடுத்துத் தரச்சொல்லி அவள் கேட்டு எத்தனை நாளாயிற்று? மாடியில் துணி காயப்போடுவதை விட்டுவிட்டு வாசலில் போட ஆரம்பித்தது எப்போது? அவர் தூக்கவும் ஏறவும் வேண்டிய வேலைகளின் எண் ஒரேயடியாகக் குறைந்திருக்கிறது, அவர் குனிந்து பார்க்காமல் விட்டிருக்கிறார். அவளுக்குத் தெரிந்திருக்குமோ? தெரிந்தால் எவ்வளவு தெரியும்? யார் சொன்னது? வாளியைப் பார்த்தபடி அவர் வெகுநேரம் நின்றார். உள்ளே தையல் மெஷின் ஓடி நின்று ஓடியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க ரொட்டிக்கடைக்கார அம்மா ஒருவர் தனியாக வந்தார். சொல்லாமல், மழை பெய்துகொண்டிருக்கும்போது வந்தார். வீடு வாங்க மழையில்தான் பார்க்கவேண்டும் என்றார். குடையை மடக்கி வாசலில் சாய்த்துவிட்டு, கூச்சமில்லாமல் எல்லாச் சுவரையும் உள்ளங்கையால் தொட்டுப் பார்த்தார். கழிப்பறையில் தண்ணீர் ஊற்றிக் காது கொடுத்துக் கேட்டார். பத்திர நகலை வாங்கி, கண்ணாடி போட்டு, நின்றபடியே படித்தார். மகனும் மருமகளும் தன்னோடு வந்து இருக்கப்போகிறார்கள், ஏமாந்தால் அவர்கள் இரண்டு பேருக்கும் தான் பதில் சொல்லவேண்டும் என்றார். பின்பக்கச் சுவர் காய்ந்துதான் இருந்தது. மீட்டர்காரரின் மனைவி ஹால் ஜன்னலில் சாரல் அடிக்கிறது என்று கதவைச் சாத்தப் போனாள்.

"எல்லாம் சரிதான்" என்றார் ரொட்டிக்கடைக்கார அம்மா, கண்ணாடியைக் கழற்றியபடி. "இவ்வளவு பாத்துப் பாத்து வச்சிருக்கீங்க. அப்புறம் ஏன் விக்கிறீங்க?"

கேள்வி இரண்டு பேருக்கும் பொதுவாக வந்தது. ஜன்னலருகே நின்றவள் திரும்பவில்லை. அவள் சொல்லிவிடுவாள் என்று மீட்டர்காரருக்குத் தெரிந்தது. அந்த மூன்று வார்த்தையும் அவள் வாயில் தயாராக இருக்கும்.

"எனக்கு நெஞ்சு சரியில்லைங்க" என்றார் அவர். முன்பின் தெரியாத முகத்தைப் பார்த்துச் சொல்வது எளிதாகத்தான் இருந்தது. "பாதிதான் வேலை செய்யுதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஆபரேஷன் கிடையாது. இவளைத் தனியா விட்டுட்டுப் போயிடக்கூடாதுன்னுதான் விக்கிறேன். வீட்டுல குறை ஒண்ணும் இல்ல."

ரொட்டிக்கடைக்கார அம்மா பத்திர நகலை நாலாக மடித்தார். ஜன்னல் கொக்கியில் இருந்த கை அப்படியே இருந்தது. பிறகு கொக்கி விழுகிற சத்தம் கேட்டது. மனைவி திரும்பினாள். அவரைப் பார்க்கவில்லை.

"மாடியைப் பாக்கலையே நீங்க" என்றாள் வந்தவரிடம். "மழை குறைஞ்சிடுச்சு. வாங்க."

இருவரும் படியேறிப் போனார்கள். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் தலைக்கு மேலே காலடிகள் கேட்டன. தேங்கிய தண்ணீரில் சளக் சளக் என்று ஒரு ஜோடி, குதிகாலை லேசாக இழுத்து நடக்கிற அவளுடைய ஜோடி. தொட்டிப் பக்கம் போயின, கைப்பிடிச் சுவர் பக்கம் போயின. அப்புறம் பிரிந்தன. இழுத்து நடக்கிற கால்கள் மட்டும் தனியாக வீட்டின் இந்தக் கோடிக்கு வந்து, அவர் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேர் மேலே நின்றன. மற்ற கால்கள் அருகே வரவில்லை. அவர் தலையை நிமிர்த்தி, புதிதாக வெள்ளையடித்த கூரையைப் பார்த்தபடி, அவை நகர்வதற்காகக் காத்திருந்தார்.