மேல்மாடிக் கால்கள்

நூல் மில்லின் மேல்மாடியில் ஓடிய பெல்ட் நூல்காரியின் இரண்டு கால்களையும் தொடையோடு வாங்கிக்கொண்டது; மறுநாள் காலைச் சங்கு ஊதியதும் கால்கள் மட்டும் வேலைக்கு வந்து நின்றன. நூல்காரி அப்போது ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தாள். மேஸ்திரிக்கு ஒன்றும் கசக்கவில்லை. மிதிகட்டையை மிதிக்கும் வேலைக்குக் கால் போதும், சம்பளம் கேட்க வாயும் கிடையாது. பிறகு கால்களைக் கேட்டு அவள் வாசலுக்கு வந்தபோதெல்லாம், வேலை நேரத்தில் யாரையும் பார்க்க முடியாதென்று திருப்பி அனுப்பினார்கள். அவள் கல்யாணம் கட்டினாள், மகளைப் பெற்றாள், புருஷனைப் பறிகொடுத்தாள். மில்லும் நொடித்துப் போனது. கட்டடத்துக்கு வெள்ளையடித்து, ஊர் வரலாற்று அருங்காட்சியகமாக்கி, ‘அனைவரும் வருக’ என்று எழுதி வைத்தார்கள். போக்கிடமில்லாத கால்கள் மேலேயே இருந்து, ஓடாத இயந்திரத்தை மிதித்துக்கொண்டிருந்தன. பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நின்று பார்த்துப் போனார்கள்.

ஒரு தடவையாவது அந்தப் பாதங்களை மடியில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் நூல்காரியின் ஆசை. சக்கர நாற்காலியை மகள் தள்ளிவந்தாள். வாசல் வரை சரிவுப் பாதை வழுவழுவென்று போட்டிருந்தார்கள். உள்ளே போனால் மாடிப்படி.

“கவலப்படாதீங்கக்கா, தூக்கிட்டுப் போயிடலாம்” என்றார் காவலாளி. ஆள் சேர்த்துத் தூக்கினார்கள். படி திரும்பும் இடத்தில் நாற்காலி சிக்கிக்கொண்டு, மேலேயும் போகாமல் கீழேயும் வராமல், அவள் அந்தரத்தில் தொங்கினாள். வந்தவர்கள் எல்லாம் கால்களை விட்டுவிட்டு அவளை வேடிக்கை பார்த்தார்கள். மானம் போயிற்று. இறக்கி வைத்ததும் அருங்காட்சியகக் காப்பாளர் ஓடிவந்து, மேலே இருப்பதையெல்லாம் வீடியோவில் காட்டுவதாகச் சொன்னார்.

“என் கால நான் டிவியிலயா பாக்கணும்? கீழ கொண்டாங்க.”

“காட்சிப் பொருள எடம் மாத்த எனக்கு அதிகாரம் இல்லம்மா. லிஃப்ட் வந்துரும்.”

லிஃப்டுக்குக் குழி தோண்டினார்கள். குழியில் மழைத்தண்ணீர் நின்று, தவளை குடும்பம் நடத்தி, பேரன் பேத்தி எடுத்தது. காப்பாளர்கள் மாறினார்கள், எல்லோரும் நல்லவர்கள், எல்லோரும் கையை விரித்தார்கள். ஒரு நாள் நூல்காரிக்குப் பொறுக்கவில்லை. காவலாளியின் தடியைப் பிடுங்கிப் படியின் இரும்புக் கைப்பிடியை ஓங்கி ஓங்கி அடித்தாள். கால்களுக்குக் காது கிடையாது. ஆனால் அதிர்வு தரை வழியே உள்ளங்கால்களுக்குப் போய்ச் சேர்ந்தது. மிதிப்பதை நிறுத்திவிட்டு அவை மாடிப்படியின் உச்சியில் வந்து நின்றன. நரம்பு புடைத்து, குதிகால் வெடித்து, அவளுக்கு ஆன வயசு அவற்றுக்கும் ஆகியிருந்தது. வலது கால் ஒரு படி இறங்கப் பார்த்தது. முட்டி மடங்கவில்லை. இன்னொரு தடவை பார்த்தது. அப்புறம் மேலேயே உட்கார்ந்துவிட்டது.

“அதுங்களாலயும் முடியலம்மா” என்றாள் மகள். நூல்காரி வாய்விட்டு அழுதாள்.

கால்கள் உட்காரத் தோதாகப் படியின் உச்சியில் ஒரு பெஞ்ச் போட்டார்கள். வாராவாரம் அவள் கீழே வந்து உட்காருவாள், அவை மேலே வந்து உட்காரும். “தம்பி, எடது கால்ல கொசு கடிச்சிருக்கு போல. அரிப்பு தாங்கல” என்பாள். காட்சிப் பொருள்களைத் தொடக்கூடாது என்பதால், காவலாளி காப்பாளரின் அறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு மேலே போய்க் குந்துவார்.

“இங்கயா அக்கா?”

“இன்னும் கொஞ்சம் கீழ.”

அவர் சொறிவார். கீழே நூல்காரி கண்ணை மூடிக்கொள்வாள்.