குரல் வரும்வரை

1997ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பதினெட்டாம் நாள், திங்கட்கிழமை. ரெட்டிபாளையத்துச் சிமெண்டு ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற கண்ணையன், முந்தைய நாள் மாலை தம் வீட்டுக் கட்டிலிலேயே உயிர்நீத்தார். பக்கவாதம் அவரை நான்கு ஆண்டுகள் படுக்கையில் வைத்திருந்தது. பிள்ளைகள் இல்லை. கொள்ளி வைக்கும் பொறுப்பு தம்பி குருமூர்த்தியுடையது. எமகண்டம் தொடங்குமுன் பாடை தெருவைத் தாண்டிவிட வேண்டும் என்று அவர் விடிந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

வாசல் பந்தலில் பெஞ்சின்மேல் கிடத்தியிருந்த அண்ணனின் தலைமாட்டிலிருந்து டேப்ரிக்கார்டரைத் தூக்க அவர் குனிந்தபோது, கால்மாட்டில் உட்கார்ந்திருந்த பாப்பாத்தி நிமிர்ந்தாள்.

"அது அங்கயே இருக்கட்டும் தம்பி."

"பாடையோட கொண்டுபோவத்தான் அண்ணி எடுக்குறேன். ஊர்வலத்துல போடுறதாத்தானே பேச்சு?"

பேச்சு அதுதான். தம்மைத் தூக்கும்போது தமக்குப் பிடித்த பாட்டுக் கேசட்டைப் போட வேண்டும் என்று கண்ணையன் சென்ற ஆண்டு, பாதி வாயால் குழறிச் சொல்லியிருந்தார். சொந்தக்காரர்கள் சிரித்துவிட்டுச் சரி என்றார்கள். பாப்பாத்தியும் சரி என்றுதான் சொன்னாள். இரவெல்லாம் விழித்து உட்கார்ந்திருந்ததில்தான் அவளுக்கு ஒன்று உறைத்தது. பெண்கள் தெருமுனைத் தண்ணீர்த் தொட்டியோடு திரும்பிவிட வேண்டும். அந்தப் பாட்டில் பாடகரின் குரல் வருவதற்குள் பாடை ஓடையைத் தாண்டியிருக்கும்.

அவள் அந்தக் குரலை ஒரு நாளும் உட்கார்ந்து கேட்டதில்லை.

எழுபதுகளில் கண்ணையன் நைஜீரியாவில் ஒரு சிமெண்டு ஆலையில் வேலை பார்த்தார். அங்கே ஸ்டோர்கீப்பராக இருந்தவர் லப்பைக்குடிக்காட்டு ஜபருல்லா. ஒரு விடுமுறை நாளில் இருவரும் லேகோஸ் நகரத்தில் ஃபேலா என்ற அந்நாட்டுப் பாடகரின் கச்சேரிக்குப் போனார்கள். அதற்குப் பிறகு சம்பளத்தில் மிச்சம் பிடித்ததெல்லாம் கேசட்டுகளாயின. ஊர் திரும்பிய பிறகும் அந்தப் பித்து தெளியவில்லை. வெள்ளிக்கிழமைகளில் ஜும்மா முடித்து ஜபருல்லா பஸ் ஏறி வருவார். ஒரு பாட்டு கேசட்டின் ஒரு பக்கம் முழுவதையும் எடுத்துக்கொள்ளும். முதலில் டிரம்ஸ், அதன்மேல் கிட்டார்கள், அப்புறம் ஊதுகருவிகள் எல்லாம் கூடும். அவரவர் பங்கை அவரவர் முடித்த பிறகே ஃபேலா வாய் திறப்பார். அதுவரை இரண்டு ஆண்களும் பேசமாட்டார்கள். தண்ணீர் கேட்பதுகூடச் சைகையில்தான்.

விருந்தாளிக்குச் சோறு போட வேண்டுமே என்று, பாட்டுத் தொடங்கும்போது பாப்பாத்தி உலை வைப்பாள்.

"இன்னும் வாயத் தொறக்கலயா உங்காளு?" என்று அடுப்படியிலிருந்து கேட்பாள்.

"வருவாரு, வருவாரு. வேலக்காரனெல்லாம் பேசி முடிச்சப்பறந்தான் மொதலாளி பேசணும்," என்பார் கண்ணையன்.

ஃபேலாவின் குரல் வரும் நேரமும் சோறு வடிக்கும் நேரமும் எப்போதும் ஒன்றாகவே அமைந்தன. கஞ்சி கொட்டும் சத்தத்தில் தொலைவாக ஏதோ ஒரு குரல் கேட்கும். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் ஊதுகருவிகள் மறுபடி எழுந்துவிடும். இருவரும் பந்தயத்தில் ஜெயித்தவர்களைப் போல ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

"டிரம்ஸ்ல டோனி ஆலன் அடிக்கிறதக் கேட்டியா? நாலு கை இருக்குறவன் மாரி அடிக்கிறான். ஒரு கைக்காவது அவசரம் இருக்கா பாரு!" என்பார் கண்ணையன்.

அவளுக்கு அவசரம் இருந்தது. இலை போட வேண்டும். பின்னாளில் அவரைப் புரட்ட வேண்டியிருந்தது, துடைக்க வேண்டியிருந்தது, கஞ்சியைக் கரண்டியால் ஊட்ட வேண்டியிருந்தது. வலக்கை விழுந்த பிறகு, கண்ணையன் இடக்கை விரலால் கட்டில் சட்டத்தில் தாளம் தட்டினார். அது ஒன்றுதான் கடைசிவரை தப்பவில்லை.

இந்த மாதத் தொடக்கத்தில் ஜபருல்லா வெள்ளிக்கிழமை அல்லாத ஒரு நாளில் வந்தார். வாசற்படியிலேயே நின்றார். ஃபேலா இறந்துவிட்டதாக ரேடியோவில் சொன்னார்கள் என்றார்.

"அவன்ட்ட எப்புடித் தங்கச்சி சொல்றது?"

"சொல்லாதீங்க பாய். இவரு இருக்குற வரைக்கும் அவரும் இருந்துட்டுப் போவட்டும்."

அதற்குப் பின் வந்த இரண்டு வெள்ளிக்கிழமைகளிலும் ஜபருல்லா செய்தியை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு பாட்டைக் கேட்டார்.

இப்போது அவர் பந்தலோரம் நின்றிருந்தார். முதல் பஸ்ஸில் வந்தவர், இன்னும் உட்காரவில்லை.

"தம்பி, பாட்ட இங்கயே போட்ருவோம். முடிஞ்சதும் தூக்கலாம்," என்றாள் பாப்பாத்தி.

குருமூர்த்தி மறுப்பதற்குள் ஜபருல்லா பொத்தானை அழுத்திவிட்டார். டிரம்ஸ் எழுந்தது. பந்தல் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருந்தது. குரல் வரவில்லை.

"என்னடி இது, பஸ் ஸ்டாண்டுல கெளம்பாத வண்டி மாரி உறுமிக்கிட்டே இருக்கு?" என்றாள் கண்ணையனின் அக்காள் செல்வம்மாள். "டிரைவரு டீ குடிக்கப் போயிட்டானா?"

வைக்கோல் தீயில் தப்பைக் காய்ச்சிக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கினார். "வண்டி கெளம்பி ரொம்ப நேரமாச்சுங்க. நீங்கதான் இன்னும் ஏறல."

யாரோ சிரித்துவிட்டு, சாவு வீடு என்பது நினைவுக்கு வந்து இருமினார்கள்.

குருமூர்த்தி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "கேசட்டு கெட்டுப்போச்சு போல. வெறும் பேண்டுதான் வருது. இருங்க, அந்தப் பாட்டு வர்ற எடத்துக்கு ஓட்டி வுடுறேன்." அவர் விரல் அழுத்தியது. நாடா கீச்சென்று கத்திக்கொண்டு ஓடியது.

ஜபருல்லா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் வேற்று வீட்டார். சொல்ல உரிமை இல்லை. பாப்பாத்தி எழுந்து வந்து டேப்பை நிறுத்தினாள்.

"ஓட்டாதீங்க தம்பி. இத்தன வருசத்துல அவரு ஒரு நா கூட ஓட்டுனதில்ல."

"எமகண்டம் வந்துரும் அண்ணி! ஊரு என்னயத்தான் கேக்கும்."

"நாலு வருசமா எமன் இந்த வாசல்லதான் நின்னான். இன்னுங் கொஞ்ச நேரம் நிக்கட்டும்."

"வெளையாடுற நேரமா இது?"

"இல்ல தம்பி. எனக்கு அந்தக் கொரலக் கேக்கணும். நான் கேட்டதே இல்ல."

குருமூர்த்தி அவளைப் பார்த்தார். அந்த வீட்டில் அவள் தனக்காக எதையும் கேட்டு அவர் அறிந்ததில்லை. செல்வம்மாள் வாயைத் திறந்தாள். பிறகு, தம்பியின் நெற்றியில் சரிந்திருந்த நாணயத்தை நேராக்கிவிட்டாள்.

"சுத்துங்க பாய், மொதல்லேர்ந்து," என்றார் குருமூர்த்தி.

நாடா பின்னோக்கி ஓடி நின்றது. டிரம்ஸ் மறுபடி தொடங்கியது. கிட்டார்கள் வந்து சேர்ந்தன. வெயில் பந்தலின் விளிம்பைக் கடந்து உள்ளே இறங்கியது. பெண்கள் முழங்காலைக் கட்டிக்கொண்டார்கள். தப்புக்காரர் தப்பை மடியில் சாய்த்துக்கொண்டு கண்ணை மூடினார். ஊதுகருவிகள் எழுந்தன, அடங்கின, மறுபடி எழுந்தன. பாப்பாத்தியின் கால்கள் பழக்கத்தில் ஒருமுறை அடுப்படிப் பக்கம் அசைந்தன. சாவு விழுந்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. காலைக் காப்பிகூட எதிர்வீட்டிலிருந்துதான் வந்திருந்தது. வடிப்பதற்கு ஒன்றுமில்லை. அவள் மறுபடி உட்கார்ந்தாள்.

அப்போது குரல் வந்தது.

அவள் நினைத்திருந்ததுபோல அது பெரிய குரலாக இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் சுவரோரம் நின்று ஒரு சங்கதியைச் சொல்வதுபோல, கொஞ்சம் சலிப்பாக, கொஞ்சம் கேலியாக இருந்தது. அவர் ஒரு வரி சொல்ல, பெண்கள் பலர் சேர்ந்து பதில் சொன்னார்கள். பாப்பாத்தியின் இடக்கை விரல் பெஞ்சின் விளிம்பில் தாளத்தோடு அசைந்தது.

ஜபருல்லா அவளைப் பார்த்தார். "அந்தச் சேதிய இப்பச் சொல்லிறட்டுமா தங்கச்சி?"

அவள் தலையசைத்தாள். அவர் குனிந்து, நண்பனின் காதருகே வாயை வைத்து, ஏதோ மெதுவாகச் சொன்னார்.

முடிவானவை இவை. பாட்டு முழுவதும் வாசலிலேயே ஓடி முடிந்தது. எமகண்டம் கழிந்த பிறகே பாடை எழுந்தது. தெருமுனை வரை பெண்கள் போனார்கள். தப்பு மட்டும் சுடுகாடு வரை போயிற்று. டேப்ரிக்கார்டரும் கேசட்டுகளும் பாப்பாத்தியிடமே இருக்கும். ஜபருல்லா வழக்கம்போல வெள்ளிக்கிழமைகளில் வருவார். அன்றைக்கு உலை, பாட்டு முடிந்த பிறகே ஏற்றப்படும்.