கம்பத்தின் உச்சி

"போன்ல மழைக்காலம் பூரா அலர்ட் அலர்ட்டுன்னு வருதே, அப்படின்னா என்ன?" என்று போன குளிர்காலத்தில் அண்ணன் சாவேரியோ கேட்டான்.

"விழிப்பா இருன்னு அர்த்தம்," என்றாள் நுன்சியா. இத்தாலியின் கடலோர ஊரான ஷில்லாவில், பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர் அவள். "ஆனா அது நம்ம இத்தாலி வார்த்தைண்ணா. எர்தான்னா மேடு. மேட்டுல ஏறி நின்னு பாருன்னு அந்தக் காலத்துச் சிப்பாய்ங்க 'ஆல் எர்தா'ன்னு கத்துவாங்க. பிரெஞ்சுக்காரன் எடுத்துக்கிட்டான், அவன்கிட்டேருந்து இங்கிலீஷ்காரன் வாங்கிக்கிட்டான்."

"அப்போ ஏறி நிக்கிறவன் நான். நீ கீழ நின்னு அர்த்தம் சொல்லு, டீச்சரம்மா!"

அவன் சிரித்தான். அவளுக்குச் சுருக்கென்றது. வாள்மீன் படகின் இரும்புக் கம்பத்து உச்சியில் நின்று மீனைக் கண்டுபிடிப்பவன் அவன்தான். ஆனால் பாறை மேலிருக்கும் வீட்டு மாடியிலிருந்து அவனுக்கு முன்பே மீனைப் பார்த்து, போனில் சொல்லிக்கொண்டிருந்தது அவள். "பாத்துட்டேன், பாத்துட்டேன்" என்பான் சாவேரியோ, பார்க்காமலே.

இன்று அந்தக் கம்பம் காலியாக இருந்தது. இடுப்பு பிடித்துக்கொண்டதால் சாவேரியோ படகின் தளத்தில் முனகிக்கொண்டு படுத்திருந்தான். கோடை விடுமுறையானதால் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்த நுன்சியா, படகு கிளம்பும்போது இறங்காமலே இருந்துவிட்டாள்.

ஈட்டியோடு, படகின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பலகையில் நின்ற அப்பா கார்மெலோ திடீரென்று கை நீட்டினார். "அதோ, கறுப்பா! மீன்தான்!"

"மேக நிழல்ப்பா. கரையைப் பாத்து வழுக்கிட்டுப் போகுது பாருங்க. மீன்னா இப்படியா போகும்?"

நிழல் வழுக்கிப் போயே போய்விட்டது. படகுக்காரர்கள் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள்.

"இது சரிப்படாது," என்று அப்பா பையிலிருந்து போனை எடுத்தார். "அக்கரையில ஒரு ஆள் இருக்கான். வரச் சொல்றேன். சீசன் முடியிற வரைக்கும் அவனே மேல நிக்கட்டும்."

சீசன் முடியும் வரை. அப்புறம் அண்ணன் எழுந்துவிடுவான். நுன்சியா சிறுமியாக இருந்தபோதிலிருந்தே மனசுக்குள் வைத்திருந்ததை இனிமேல் எப்போது கேட்பது?

"போனை வைங்கப்பா."

"ஏம்மா?"

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

"என்னை மேல ஏற விடுங்கப்பா."