பெற்றவள் கண்ணுக்கு வேறு வேறு

சேலம், நாமக்கல் பக்கத்து இரட்டைப் பிள்ளைகளை வைத்து அறிவுச்செல்வி போட்ட கணக்கு, உயரத்துக்கும் மரபணுவுக்கும் சம்பந்தமே இல்லை என்றது.

கணக்கு என்னவோ எளிமையானதுதான். ஒரே கரு இரண்டாகப் பிரிந்து பிறந்தவர்களுக்கு மரபணு முழுக்க ஒன்று. தனித்தனிக் கருவாக உருவானவர்களுக்கு, மற்ற உடன்பிறப்புகளைப் போல, ஏறக்குறைய பாதிதான் ஒன்று. இரு வகையினரும் வளர்வது ஒரே வீட்டில், தின்பது ஒரே சோறு. ஆகவே முதல் வகையினரிடம் ஒற்றுமை எவ்வளவு கூடுதலாக இருக்கிறதோ, அது அந்த மீதிப் பாதியின் வேலை. அதை இரட்டிப்பாக்கினால் மரபணுவின் மொத்தப் பங்கு தெரிந்துவிடும். முழு ஒற்றுமையை 1 என்று வைத்தால், அறிவுச்செல்விக்கு இரு வகையிலும் உயர ஒற்றுமை 0.7 என்றே வந்தது. கழித்தால் பூஜ்யம். பூஜ்யத்தை இரட்டிப்பாக்கி என்ன பயன்?

வயதுக்கும் ஆண், பெண் வித்தியாசத்துக்கும் உரியதைக் கழித்தும் பார்த்துவிட்டாள். பூஜ்யம் அசையவில்லை.

"இதையே எழுதிக் குடும்மா," என்றார் ஆய்வு வழிகாட்டி மாதேஸ்வரன். "பையன் குள்ளமானதுக்கு நான் காரணமில்லைன்னு ஊட்டுல காட்டிக்கறேன்." சிரித்து முடித்துவிட்டு, "திங்கக்கிழமைக்குள்ள தப்பு எங்கன்னு தெரியலைன்னா வேற தலைப்புப் பாத்துக்க," என்றார். முனைவர் பட்டத்துக்கான உழைப்பு மொத்தமும் அந்தத் தலைப்பில்தான் இருந்தது.

உயரங்களை அந்தந்தப் பள்ளி உடற்பயிற்சி ஆசிரியர்கள் அளந்து அனுப்பியிருந்தார்கள். எந்த வகை இரட்டையர் என்பதை இவள் தாய்மாரிடம் தொலைபேசியில் கேட்டுக்கொண்டாள். வெண்ணந்தூரில் ஒரு ஜோடி மட்டும் அளந்த நாளன்று பள்ளிக்கு வரவில்லை. சனிக்கிழமை அளவு நாடாவோடு கிளம்பினாள்.

விசைத்தறியை நிறுத்திவிட்டு வந்த தாய் சௌந்திரம் போனில் சொன்னதையே நேரிலும் சொன்னாள். "ரெண்டும் துளிகூட ஒத்தே இருக்காதுங்க. தனபாலு மூஞ்சி ஒரு தினுசு, கோகுலு மூஞ்சி வேற தினுசு."

தனபாலைச் சுவரோரம் நிறுத்தி அளந்தாள். அவன் வெளியே ஓடினான். "அடுத்த தம்பி வா சாமி." வந்தவனையும் அளந்தாள். ஒரு மில்லிமீட்டர்கூட வித்தியாசமில்லை.

சௌந்திரம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஏனுங்க அம்மணி, தனபாலையே எத்தன வாட்டி அளப்பீங்க? கோகுலு கடைக்குப் போயிருக்கானுங்க."

"அக்கா, இவனேதானா?"

"நீங்களுமா! இவங்க வாத்தியாரு இன்னிக்கு வரைக்கும் ஒருத்தன் பண்ற சேட்டைக்கு இன்னொருத்தன் காதைத்தானுங்க திருகறாரு. கண்ணு தெரியாத மனுசன்."

கோகுல்ராஜ் தேங்காய் மிட்டாயைச் சப்பிக்கொண்டு வாசலில் வந்து நின்றான். அறிவுச்செல்வி அவனைப் பார்த்தாள், தனபாலைப் பார்த்தாள், நாடாவைச் சுருட்டவும் மறந்தாள். வாத்தியார் கண்ணில் கோளாறு இல்லை. தன் கேள்வியில்தான் கோளாறு.

'பிள்ளைகள் ஒரே மாதிரி இருப்பார்களா?' என்று தாயிடம் கேட்டிருந்தாள். தினமும் தலைவாரிவிடுகிறவளுக்கு எந்த இரண்டு பிள்ளையும் ஒரே மாதிரி இருப்பதில்லை. தனித்தனிக் கருவில் பிறந்ததுகளுக்கு ஒரே துணியில் சட்டை தைத்துப் போட்டவளோ, பெருமையாக "அச்சு அசலுங்க" என்றிருப்பாள். இரண்டு வகையும் கலந்துபோனால் இரண்டு பக்கமும் ஒரே எண்தான் வரும்.

அன்று மாலையே எல்லோரையும் மறுபடி அழைக்கத் தொடங்கினாள். கேள்வி மட்டும் மாறியது: "வாத்தியாரும் வெளியாளும் இவங்களை ஆள் மாத்திக் கூப்பிடறாங்களா?" ஆமாம் என்றால் ஒரே கரு, இல்லை என்றால் தனித்தனிக் கரு. அப்படிப் பிரித்துக் கணக்குப் போட்டதும் முதல் வகையில் ஒற்றுமை 0.9, இரண்டாம் வகையில் 0.5. வித்தியாசம் 0.4, இரட்டிப்பாக்கினால் 0.8. இந்தப் பிள்ளைகளுக்குள் உள்ள உயர வேறுபாட்டில் ஐந்தில் நான்கு பங்கு மரபணுவால் வருவது.