ஒன்பது மீட்டர் தொட்டி

மாதம் பிறந்தால் தேர்வு. தேர்வு முடிந்தால் திருத்தல், திருத்தி முடித்தால் மறுதேர்வு. நடுவில் பாடத்தை எப்போது நடத்துவதாம்? கேட்டுக் கேட்டுக் கணக்கு டீச்சருக்கு வாய் ஓய்ந்துவிட்டது. வினா வங்கியிலிருந்து அதே கேள்விகள் வரும்; உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் விடையோடு நெட்டுருப் போட்டு வந்து கொட்டிவிட்டுப் போகும்.

இந்த மாதம் எரிச்சலில் ஒரே ஓர் எண்ணை மாற்றிவிட்டாள். எட்டு மீட்டர் நீளத் தொட்டி ஒன்பது மீட்டரானது, அவ்வளவுதான். அகலம் ஐந்து, ஆழம் மூன்று, அப்படியே. வகுப்பு மொத்தமும் நூற்றிருபது கன மீட்டர் என்று பழைய விடையையே எழுதித் தள்ளியிருந்தது. முதல் ரேங்க்காரன் அடிக்கோடு வேறு போட்டிருந்தான். டீச்சர் தலையில் அடித்துக்கொண்டாள்.

கடைசி பெஞ்ச் வாயாடி ஒருத்தி மட்டும் அடித்துத் திருத்தி, பெருக்கிப் பார்த்து, நூற்று முப்பத்தைந்து என்று போட்டிருந்தாள். டீச்சருக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. இந்தக் கேள்விக்கு மதிப்பெண் கிடைத்தால் அவள் பாஸ். இல்லாவிட்டால் மந்தமானவர்கள் என்று ஒதுக்கிய பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள். அங்கே இன்னும் நெட்டுரு.

தலைமையாசிரியர் கூப்பிட்டனுப்பினார்.

"என்ன டீச்சர் பண்ணி வெச்சிருக்கீங்க? தேர்ச்சி சதவீதம் பாதாளத்துக்குப் போகுது. இன்னிக்கே மேலிடத்துக்கு அனுப்பணும்."

"கேள்வியைப் படிக்காமலே எழுதியிருக்காங்க சார்."

"பாவம், எவ்வளவு கஷ்டப்பட்டு மனப்பாடம் பண்ணியிருக்குங்க! கேள்வியில அச்சுப்பிழைன்னு சொல்லிட்டு, நூத்தியிருபதையே சரின்னு போடுங்க."

"அப்ப ஒழுங்காப் போட்ட பொண்ணு?"

"ஒரு கணக்குக்கு ரெண்டு விடை ஏது? ஒருத்திக்காக எல்லாரையும் ஃபெயிலாக்கச் சொல்றீங்களா?"

டீச்சர் தொண்டை வறளப் பேசிப் பார்த்தாள். அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. கடைசியில் சிவப்புப் பேனாவைத் தானே வாங்கி வாயாடியின் விடையைக் குறுக்கே அடித்தார். கையெழுத்து மட்டும் டீச்சர் போட வேண்டியிருந்தது. போட்டாள். அந்த ஆளைவிடத் தன்மேல்தான் அவளுக்கு அதிக ஆத்திரம் வந்தது.

மறுநாள் அந்தப் பெண்ணை ஆசிரியர் அறை வாசலுக்குக் கூப்பிட்டாள்.

"நீ போட்டதுதாம்மா சரி. நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்..."

வாயாடிதான் சமாதானம் சொன்னாள்.

"விடுங்க டீச்சர். தப்பு என்மேலதான். அவசரப்பட்டுக் கேள்வியைப் படிச்சிட்டேன். இனிமே படிக்க மாட்டேன்."