ஆள்காட்டி உட்கார்ந்திருந்த இடம்

1

இந்தக் கதையை நானாகத் தேடிப் போகவில்லை. பக்கத்து வீட்டு நோலா வேலிக்கு மேலாகத் தலையை நீட்டி, "ஏம்மா, நீதான் சாயங்காலம் எழுதக் கத்துக்கப் போறியே. மெர்வுக்கு நாலு வார்த்தை எழுதிக் குடு. வெள்ளிக்கிழமை அடக்கம்," என்றார். எழுதிக் கொடுத்தேன். அது அவருடைய கணவருக்கான இரங்கல் உரை. அதற்குள் அடங்காமல் மிஞ்சியது இது.

2

முதல் தொடக்கம்: மெர்வின் டிரெலோர் தம் தொண்ணூற்றொரு ஆண்டுகளையும் இயற்கையோடு இயைந்து—

(யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும். அடித்துவிட்டேன்.)

இரண்டாவது: நான்கு பிள்ளைகளுக்கும் மெர்வ்தான் முடி வெட்டுவார். வெட்டிய முடியை, கூடு கட்டும் பறவைகள் எடுத்துப் போகட்டும் என்று வேலிக் கம்பியில் சொருகி வைப்பார்.

இது நிற்கும் என்று தோன்றியது. வகுப்பில் வாசித்தபோது ஆசிரியை, "குறையே இல்லாத மனிதரை யார் நம்புவார்கள்?" என்று கேட்டார். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. நோலாவிடமே போனேன்.

"குறையா? வாசக்கதவு மேல தகைவிலான் கூடு கட்டிச்சுன்னா, குஞ்சு பறக்குற வரைக்கும் வீடே சமையக்கட்டு ஜன்னல் வழியாத்தான் ஏறிக் குதிக்கணும். ராஸ் வயித்துல இருந்தப்பவும் ஏறினேன். எழுதிக்கோ."

"கோவம் வரலையா?"

"வந்துது. சாயங்காலம் ஆட்டுக்கறி வாட்டி வெச்சு, என் காலையும் பிடிச்சுவிடுவார். அப்புறம் என்னத்தக் கோவம்."

3

வியாழக்கிழமை காலை, குழி வெட்டும் டாரில் எங்களைக் கல்லறைத் தோட்டத்துக்கு வரச் சொன்னார். அங்கே மெர்வுக்கும் நோலாவுக்கும் அடுத்தடுத்து இரண்டு இடங்கள். ஏரியைப் பார்த்த இடம் மெர்வ் தமக்கென்று எடுத்துக்கொண்டது, வேலியோரத்து இடம் நோலாவுக்கு. மெர்வின் இடத்தில் ஓர் ஆள்காட்டிப் பறவை முட்டைகளின்மேல் உட்கார்ந்திருந்தது.

"கிட்டப் போனா மண்டையக் கொத்த வருதும்மா," என்றார் டாரில். "கூட்டை நகர்த்த அனுமதி வாங்கணும். எப்ப கெடைக்குமோ."

மூத்த மகன் ராஸ் தொப்பியைக் கழற்றினார். "தள்ளிப் போடலாம்மா. அப்பா இருந்தா அதைத்தான் சொல்வார்."

"அவர் சொன்னதக் கேட்டுத்தான் நான் ஜன்னல்ல தொங்கினேன். உன் தங்கச்சி பெர்த்துல இருந்து வந்து நிக்கிறா. நாளைக்கு அடக்கம்னா நாளைக்குத்தான்."

(நோலா பறவையை விரட்டுவதாக இங்கே ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன். அதற்கு அவருக்கு உரிமை உண்டு என்றுகூட நினைத்தேன். ஆனால் அவர் பறவை பக்கம் திரும்பவே இல்லை.)

"டாரில், என் இடத்தத் தோண்டு."

"அப்போ உங்களுக்கு?"

"ஏரி பாத்த இடம் இனிமே எனக்கு. கல்யாணமான நாள்லேருந்து, எந்த ஊர்ல தங்கினாலும் ஜன்னலோரக் கட்டில் அவருக்குத்தான்."

ராஸ் மெதுவாகச் சொன்னார்: "மறுபடியும் விட்டுக்குடுக்குற."

"விட்டுக்குடுக்கலடா. எடுத்துக்கிட்டேன். தோண்டுப்பா, வெயில் ஏறுது."

4

மறுநாள் நான் உரையை வாசித்து முடிக்கும்வரை ஆள்காட்டி கத்திக்கொண்டே இருந்தது. மெர்வ் வேலியோரம் இறங்கினார்.

குஞ்சுகள் வந்தனவா என்று வகுப்பில் எல்லோரும் கேட்கிறார்கள். வந்ததாக எழுதினால் இனிப்பு கூடிவிடுகிறது. நரி தின்றதாக எழுதினால், நான் வேண்டுமென்றே—

நேற்று நோலாவிடம் கேட்டேன். "போய்ப் பாத்தீங்களா?"

"நான் ஏன் பாக்கணும்? அது காலி பண்ணட்டும், அப்புறம் போறேன்," என்றவர் கெட்டிலை அடுப்பில் வைக்கத் திரும்பினார்.

வாசலில் அவருடைய காலணிகள் கிடந்தன. 'ஏரிக்கரைச் சேறு ஒட்டியிருந்தது' என்று முதலில் எழுதினேன். பிறகு 'ஏரிக்கரை'யை அடித்தேன். அவர் வீட்டுத் தோட்டத்திலும் சேறு உண்டு. நான் பார்த்தது சேற்றை மட்டும்தான். அது எங்கிருந்து வந்தது என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். நான் தேநீர் குடிக்க உள்ளே போகிறேன்.