ஏழு நாற்பது வண்டி

ரயிலை விட்டு இறங்கி வருகிறவர்களுக்காக இரண்டு நிமிடம் பேருந்தை நிறுத்தி வைத்ததுதான் ஓட்டுநர் அம்மாள் செய்த குற்றம். அதற்குப் போக்குவரத்து மேலாளர் அவளைப் பதினைந்து நாள் வீட்டில் உட்கார வைத்தார். "இது என்ன உங்க மாமியார் வீட்டு வண்டியா, ஆள் வர்ற வரைக்கும் நிறுத்தி வைக்க? இன்னொரு தடவை நின்னா வேலையே கிடையாது" என்றார். பணிமனையே சிரித்தது. அந்தச் சிரிப்பை அவள் மறக்கவில்லை.

ரயில் ஏழு முப்பத்தொன்பதுக்கு வரும். பேருந்து ஏழு நாற்பதுக்குக் கிளம்ப வேண்டும். படியேறி இறங்கி வரவே மூன்று நிமிடம் ஆகும். அட்டவணை போட்ட மேலாளர் காரில் வருகிறவர். படியை அவர் எங்கே கண்டார்? அந்தத் தடத்தில் ஓடியது அவள் வண்டி ஒன்றுதான். அதைத் தவற விட்டால் முக்கால் மணி நேரம் நிற்க வேண்டும். நின்று அலுத்தவர்கள் ஒவ்வொருவராக ஸ்கூட்டருக்கு மாறினார்கள்.

அப்படியிருக்க, கார் இல்லாமலே காலம் தள்ளலாம் என்று காட்டுவதற்காக, ஒரு வாரம் ரயிலிலும் பேருந்திலும்தான் அலுவலகம் வருவேன் என்று மேலாளரே பத்திரிகைக்குச் சொல்லிவிட்டார். முதல் நாள் எட்டரைக்கு மேலிடத்துக் கூட்டம் வேறு.

அன்று ஏழு நாற்பதுக்குக் கண்ணாடியில் அவர் தெரிந்தார். கழுத்து டை தோளில் பறக்க, படியில் தடதடவென்று இறங்கினார். பின்னால் பத்திரிகைப் புகைப்படக்காரர். தினமும் வண்டியைத் தவற விடுகிறவர்கள் ஓடவில்லை. ஓடிப் பயனில்லை என்று தெரிந்து நடந்தே வந்தார்கள்.

"அக்கா, பெரியவரு ஓடி வர்றாரு" என்றான் நடத்துநர்.

"தெரியுது. மணி என்ன?"

"நாப்பது."

"அப்புறம் என்ன வேடிக்கை? விசிலை அடி."

"நில்லும்மா! நான்தான்!" என்ற குரல் புகையோடு பின்னால் போயிற்று. அவள் மனம் குளிர்ந்தது.

முக்கால் மணி நேரம் கழித்துச் சுற்றி வந்தபோதும் அவர் அங்கேயே நின்றார். பக்கத்தில் புகைப்படக்காரர் இருக்கும்போது காரை எப்படி வரவழைப்பது?

"வேணும்னேதானே விட்டுட்டுப் போன?" என்று ஏறினார்.

"ஆமா சார். நேரத்துக்குப் போனேன். அதுக்கு எத்தனை நாள் வீட்ல உக்காரணும்?"

புகைப்படக்காரர் கேமராவைத் தூக்கினார். மேலாளர் முகத்தைத் திருப்பி இடம் தேடினார். இடமில்லை. "கம்பியப் பிடிச்சுக்குங்க சார், பழக்கமில்லாதவங்க விழுந்துருவாங்க" என்றாள், வேலைக்குத் தினமும் தாமதமாகப் போய்த் திட்டு வாங்கும் துப்புரவுப் பெண். வண்டி முழுக்கச் சிரித்தது.

அடுத்த நிறுத்தத்தில் ஓட்டுநர் அம்மாள் பிரேக்கைத் தேவைக்குக் கொஞ்சம் மேலாகவே அழுத்தினாள்.